கல்லீரலில் படியும் கொழுப்பு

வயிற்றின் வலது மேல்புறத்தில், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் கல்லீரலின் எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோ. குடலில் செரித்த சர்க்கரையும் புரதமும் ரத்தத்தில் கலந்ததும் முதலில் போய்ச் சேருவது அங்கேதான். உடனே செலவழிக்க வேண்டியது எது, சேமிக்க வேண்டியது எது, கொழுப்பாக மாற்றி வெளியே அனுப்ப வேண்டியது எது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. நலமான கல்லீரல் தனக்கென்று வைத்துக்கொள்ளும் கொழுப்பு மிகக் குறைவு. அதன் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கிவிட்டால் அது கல்லீரல் கொழுப்பு நோய். பெரும்பாலானோருக்கு வலியோ மஞ்சள் காமாலையோ வருவதில்லை. பித்தப்பைக் கல்லுக்காகவோ சிறுநீரகக் கல்லுக்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது, அறிக்கையின் ஓரத்தில் ‘கிரேட் 1 ஃபேட்டி லிவர்’ என்ற ஒரு வரியாக இது முதன்முதலில் தெரியவரும். அந்த வரியைப் பார்த்துப் பயந்துபோகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் இருப்பதுதானே என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறவர்கள் அவர்களைவிட அதிகம்.

நெடுங்காலமாகக் கல்லீரல் கெட்டது என்றாலே குடிதான் காரணம் என்று மருத்துவர்களும் எண்ணினார்கள், ஊரும் எண்ணியது. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக்கும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுக்களைப் பற்றி எழுதினார்கள். நுண்ணோக்கியில் அவை குடிகாரர்களின் கல்லீரலைப் போலவே இருந்தன. ஆனால் அந்த நோயாளிகள் குடிப்பவர்கள் அல்லர். பெரும்பாலோர் உடல் பருமன் உள்ளவர்கள், பலருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. அதன்பின் 40 ஆண்டுகள் இந்த நோய், குடியால் வராத கல்லீரல் கொழுப்பு என்று, இல்லாத ஒன்றை வைத்தே வரையறுக்கப்பட்டது. 2023இல் பல நாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி அதை மாற்றின. கல்லீரலில் கொழுப்பு இருந்து, அதோடு ஐந்து அடையாளங்களில் ஒன்றாவது இருந்தால் அது வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கல்லீரல் கொழுப்பு நோய். மிகை எடை அல்லது பருத்த இடுப்பு, சாப்பிடுமுன் 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ரத்தச் சர்க்கரை, 130/85ஐ எட்டிய ரத்த அழுத்தம், 150ஐத் தாண்டிய ட்ரைகிளிசரைடு, குறைந்துபோன நல்ல கொலஸ்ட்ரால் ஆகியவையே அந்த ஐந்து. நோயின் வேரைச் சுட்டிக்காட்டுகிற வரையறை என்பதால் இது முந்தையதைவிடப் பயன் மிக்கது.

கொழுப்பு சாப்பிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2005இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று, நோயாளிகளின் கல்லீரலில் உள்ள கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்துப் பார்த்தது. உணவில் இருந்த கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது ஏறக்குறைய 15 சதவீதம்தான். 26 சதவீதத்தைச் சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே புதிதாகத் தயாரித்திருந்தது. மீதி 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசிந்து வந்தது.

இந்தக் கசிவுதான் நோயின் மையம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு உடலின் களஞ்சியம். மிஞ்சிய ஆற்றலை அது பத்திரமாகப் பூட்டி வைக்கும். பூட்டைத் திறக்காதே என்று சொல்லும் ஹார்மோன் இன்சுலின். களஞ்சியம் நிரம்பி, திசுக்கள் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகும்போது கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் வழிகின்றன. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வழிவது போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. தொப்பைக் கொழுப்பைத் தொடைக் கொழுப்பைவிடக் கெட்டது என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொழுப்பேறிய கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. இரவு முழுக்கத் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு எதுவும் சாப்பிடாமல் படுத்தவருக்கும் காலையில் சர்க்கரை அளவு ஏறி நிற்பதற்கு இதுவே பெரும் காரணம். அதைச் சமாளிக்கக் கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின், கல்லீரல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வேலையை மட்டும் முடுக்கிவிடுகிறது. சர்க்கரை உற்பத்தியை அடக்க அதனால் முடியவில்லை, கொழுப்பு உற்பத்தியைத் தூண்ட முடிகிறது. இந்தச் சுழலில் சிக்கியவருக்கு ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் இந்தக் கோளாறுகள் இன்சுலின் எதிர்ப்பு என்ற ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்று வாதிட்டபோது அவருடைய பட்டியலில் கல்லீரல் இல்லை. இன்று அதைச் சேர்க்காமல் அந்தப் பட்டியலை எழுத முடியாது. சர்க்கரை நோய் கல்லீரல் கொழுப்பைக் கூட்டுகிறது. கல்லீரல் கொழுப்பு உள்ளவருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் ஏறக்குறைய இரு மடங்கு.

பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரைக்கு இதில் தனி இடம் உண்டு. குளுக்கோஸை உடலின் எல்லாச் செல்களும் எரிக்கும். பிரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரலுக்கே வருகிறது, அங்கே தடையின்றிக் கொழுப்பாக மாறுகிறது. வெள்ளைச் சர்க்கரையில் பாதி பிரக்டோஸ்தான். முழுப் பழத்தில் அது நார்ச்சத்தோடு கொஞ்சமாக, மெதுவாக வருவதால் தொல்லை இல்லை. குளிர்பானத்திலும் சர்க்கரை போட்ட ஜூஸிலும் வருவதுதான் ஆபத்து. 600 மில்லி கோலா பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் சர்க்கரை இருக்கிறது.

ஒல்லியாக இருப்பவர் தமக்கு இந்தக் கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. தென்னாசியர்களின் உடலில் தோலடிக் களஞ்சியம் சிறியது, சீக்கிரம் நிரம்பிவிடும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். 2006இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பருமன் இல்லாத இளைஞர்களை ஒப்பிட்டபோது, இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில் வெள்ளையர்களைப்போல இரு மடங்கு கொழுப்பு இருந்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. உழைத்துச் சாப்பிடும் அந்த ஏழை மக்களிலும் 8.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது; அவர்களில் நான்கில் மூவருக்கு பி.எம்.ஐ. 25ஐத் தொடவில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு. 2008இல் கண்டறியப்பட்ட பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு எளிதில் சேர்கிறது, எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே நம் மக்களுக்கு எடை மெஷினைவிட நம்பகமானது இன்ச் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. பேண்ட்டின் அளவு இதற்கு உதவாது. தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுகிறவரின் இடுப்பு எத்தனை ஆண்டானாலும் 34 அங்குலமாகவே இருக்கும்.

தமிழர்களிடையே நோயின் பரவலை முதலில் தெளிவாகக் காட்டியது சென்னை. மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் வி. மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் நகர மக்களில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் அது 54.5 சதவீதம். அதே ஆண்டு இலங்கையில் கொழும்பை அடுத்த ராகமையிலிருந்து வந்த ஆய்வு 35 முதல் 64 வயது வரையுள்ளவர்களில் 32.6 சதவீதம் என்றது. கடலுக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரே எண். இந்தியா முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான மதிப்பீடு, பெரியவர்களில் 38.6 சதவீதம், குழந்தைகளில் 35.4 சதவீதம் என்கிறது. இந்த இரண்டாவது எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். தொகுப்பில் பருமனான குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளும் கலந்திருக்கின்றன. ஆனாலும் பள்ளி வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

2025இல் ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரின் 345 தகவல் தொழில்நுட்ப ஊழியர்களைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவு நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. 84 சதவீதம் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு. 71 சதவீதம் பேருக்கு உடல் பருமன். நாளெல்லாம் உட்கார்ந்தே செய்யும் வேலை, இரவு ஷிஃப்ட், மேசைக்கே வரும் தின்பண்டம், குறைந்த தூக்கம் ஆகியவை ஹைதராபாத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே இருக்கும் ஜோகுபாளையத்தில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இடுக்கமான தெருக்களைக் கடந்து சில நிமிடம் நடந்தால் நூறடி ரோட்டின் அலுவலகங்களும் உணவகங்களும் வந்துவிடும். இப்படிப்பட்ட பேட்டைகளில் தாத்தா உடலுழைப்புத் தொழிலாளி, அப்பா ஆட்டோ ஓட்டுநர், மகன் கணினி முன் உட்காருகிறவன் என்று மூன்று தலைமுறைக்குள் உழைப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சாப்பாட்டில் மாவுச்சத்தின் பங்கு மட்டும் குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025இல் சொன்னபடி, இந்தியர் உண்ணும் கலோரியில் 62.3 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வண்டி ஓட்டுகிறவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்தான் என்பதால் இதைப் பணக்காரர் நோய் என்றோ ஐ.டி. நோய் என்றோ ஒதுக்கிவிடுவது தவறு.

கொழுப்பு சேர்ந்த எல்லாக் கல்லீரலும் கெட்டுப்போவதில்லை. சிலருக்கு மட்டும் செல்கள் வீங்கி அழற்சி உண்டாகிறது. அழற்சி ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு கூடிக்கூடிக் கல்லீரல் இறுகிச் சுருங்கினால் அது சிரோசிஸ். வயிற்றில் நீர் கோப்பதும் ரத்த வாந்தியும் அந்தக் கட்டத்தில்தான் வரும். சிரோசிஸில் புற்றுநோய் வரலாம். இந்த நோயில் சில வேளைகளில் சிரோசிஸ் வருமுன்பே புற்றுநோய் வந்துவிடுவதும் உண்டு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் வேகம் கூடும். இவ்வளவு இருந்தும், கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயம். மாரடைப்பும் பக்கவாதமும் முதலிடத்தில் நிற்கின்றன. அதனால் கல்லீரலைப் பார்க்க வந்தவருக்கு ரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் பார்க்காமல் அனுப்புவது பாதி மருத்துவம்தான். கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று பயந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பானது, இதயத்துக்குத் தேவையானதும்கூட.

ஸ்கேன் சொல்லும் கிரேட் 1, 2, 3 என்பது கொழுப்பின் அளவைப் பற்றிய தோராயமான கணிப்பு. நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பு அல்ல, தழும்பு. அதைச் சாதாரண ஸ்கேன் ஆரம்பத்தில் காட்டாது. கிரேட் 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேட் 1 உள்ளவருக்கு முற்றியிருக்கலாம். ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி சரியாக இருப்பதும் உத்தரவாதம் அல்ல. தழும்பைக் கணிக்க எல்லா ஊரிலும் கிடைக்கும் மலிவான வழி ஃபிப்-4 என்ற கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்க வேண்டும். ஆயிரக் கணக்கில் எழுதிய ரத்தத் தட்டணு எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்தத் தொகையால் முதல் தொகையை வகுக்க வேண்டும். 48 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 44, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணு 2,20,000 என்றால், 2112ஐ 1760ஆல் வகுக்க 1.2 வரும். 1.3க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. எஸ்.ஜி.பி.டி. அதே 64 உள்ள 58 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 60, தட்டணு 1,60,000 என்றால் விடை 2.7. எல்லையான 2.67ஐத் தாண்டிவிட்டதால் அவர் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு எல்லைகளுக்கும் இடையில் நிற்பவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுக்கப்படுகிறது. விலா இடுக்கில் கருவியை வைத்து, வலியில்லாத ஓர் அதிர்வைச் செலுத்தி, கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அது அளக்கும். அளவு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஃபிப்-4இன் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்வது வழக்கம். இல்லாவிட்டால் வயதே பொய்யான எச்சரிக்கை தரும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய மூன்று ரத்தப் பரிசோதனைகளும் ஒரு தெருமுனை லேபில் கிடைப்பவை. ஆகவே இதைப் பெரிய மருத்துவமனையில் தேடாமல் வீட்டுக்கு அருகிலேயே கண்டுபிடிக்கலாம். தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் கல்லீரல் கொழுப்பை 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு சேர்த்தது. திருத்திய வழிகாட்டு நெறிகள் 2024 செப்டம்பரில் வந்தன. ஆஷா பணியாளர் 30 வயதைக் கடந்தவர்களின் இடுப்பை அளந்து, ஐயம் உள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்புவது அதன் அடிப்படை. பெங்களூரில் வார்டுதோறும் வந்திருக்கும் ‘நம்ம கிளினிக்’குகளும், இந்திராநகரின் சர் சி.வி. ராமன் பொது மருத்துவமனையும் ஜோகுபாளையத்துக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுபோகிறது. சர்க்கரை நோயாளி ஒருவரின் அட்டையில் ஆண்டுக்கொரு முறை ஃபிப்-4 எண்ணையும் எழுதும் வழக்கம் வந்தால், இத்திட்டங்களின் பயன் பல மடங்காகும். கூடுதல் கருவியோ ஆளோ அதற்குத் தேவையில்லை.

சிகிச்சையில் இன்றும் முதலிடம் எடைக் குறைப்புக்குத்தான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு வடியத் தொடங்கும். 7 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்கும். 10 சதவீதம் குறைந்தால் தழும்பும் பின்வாங்கக்கூடும். 2015இல் வெளியான கியூபா ஆய்வில் 293 பேர் ஓராண்டு முயன்றார்கள்; 10 சதவீதம் குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழற்சி முற்றிலும் மறைந்தது. அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தவர்களோ மொத்தத்தில் பத்தில் ஒருவர்தான். மன உறுதி இல்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. உடல் இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கவே பார்க்கும். பருமன் இல்லாதவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே பலன் தெரிகிறது. 2011இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர், சர்க்கரை நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது, காலைச் சர்க்கரை சீரானது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் செய்யக்கூடியது அல்ல என்றாலும், கல்லீரல் எவ்வளவு விரைவாக மீளும் என்பதை இது காட்டியது.

அன்றாடச் சமையலில் செய்ய வேண்டியது பெரும் புரட்சி அல்ல. காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, மாலையில் பேக்கரி பன்னும் டீயும், இரவு மறுபடி தோசை என்று ஓடும் நாளில் நான்கு வேளையும் மாவுச்சத்துதான். சோற்றைக் கால்வாசி குறைத்து அந்த இடத்தில் சுண்டல், பாசிப்பயறு, முட்டை, மீன், கீரை, மோர் என்று வைத்தால் பசியும் அடங்கும், கல்லீரலுக்கும் சுமை குறையும். ராகிக்கு மாறிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை கர்நாடகத்தில் பலமானது. ராகியில் நார்ச்சத்து கூடுதல், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். பெரிய முத்தையாக (களியாக) இரண்டு உருண்டை சாப்பிட்டாலோ சர்க்கரை போட்ட மால்ட்டாகக் குடித்தாலோ கணக்கு மாறாது. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அது காபியின் நன்மை. நாளைக்கு நான்கு தம்ளர் காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 30 கிராமுக்கு மேல் ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் நாளளவே 25 கிராம் அளவில்தான் இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிட வேகநடையும், தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். விடியற்காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் அந்த நன்மையைப் பெறுகிறார்கள், அவர்களுடைய தராசு எதைச் சொன்னாலும்.

மதுவைப் பற்றியும் கணக்கோடு பேசுவது நல்லது. ஆண் ஒருவர் வாரத்துக்கு 210 கிராமுக்கு மேல் ஆல்கஹால் குடித்தால் அவருடைய நோயில் குடியின் பங்கும் சேர்ந்துவிட்டது என்று 2023 வரையறை கொள்கிறது. பெண்களுக்கு 140 கிராம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு குவார்ட்டர் எல்லையைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே பத்திரம் என்று பொருளல்ல. தொப்பையும் சர்க்கரையும் உள்ளவரின் கல்லீரலில் கொஞ்ச மதுவும் தழும்பை வேகப்படுத்துகிறது.

மருந்துகள் தாமதமாகவே வந்தன. குஜராத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சரோகிளிட்டசார், கல்லீரல் அழற்சிக்காக 2020 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோமும், 2025 ஆகஸ்ட்டில் செமாகுளூட்டைடும் தழும்பு நடுத்தரம் முதல் முற்றிய நிலை வரை இருந்து, சிரோசிஸ் வராதவர்களுக்கு அனுமதிக்கப்பட்டன. செமாகுளூட்டைடு பசியை அடக்கி எடையைக் குறைக்கும் வாராந்தர ஊசி. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும், புரதமும் பயிற்சியும் இல்லாவிட்டால் தசையும் கரையும். நாட்டு மருந்து என்று வரும்போது கீழாநெல்லியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னையில் ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களிடம் அதைச் சோதித்து, எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் ‘லான்செட்’டில் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தந்தது; பின்னால் வேறிடங்களில் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அது கிருமிக்கான ஆய்வு, கொழுப்புக்கானது அல்ல. கொரோனாக் காலத்தில் சீந்தில் கஷாயம் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் பொடிகளைக் கல்லீரல் பழுதானவர் வாங்கிச் சாப்பிடுவது இதனால்தான் கவலை தருகிறது.

தழும்பு இல்லை என்று தெரிந்தவர்கள் ஃபிப்-4 கணக்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சர்க்கரை நோயோ ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகளோ இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. ஹெபடைட்டிஸ் பி கிருமி இல்லை என்று பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இவர்களுக்கு அவசியம். பழுதான கல்லீரல் இரண்டாவது நோயைத் தாங்காது. சிரோசிஸ் வரை போனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். புற்றுநோய்க் கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டால் அறுவை செய்தோ, ஊசி வழியாகச் சூடேற்றிக் கருக்கியோ, மாற்றுக் கல்லீரல் பொருத்தியோ அவர்களைக் காப்பாற்ற முடிகிறது.